பாலிக்குப் போகிறீர்களா? ‘நம்ம சாமிதானே’ என்று கிளம்பாதீர்கள்

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் ரவுண்டானாவில் கடோத்கஜன் சிலை. டாக்சி டேஷ்போர்டில் ஓலைத் தட்டில் பூ. டிரைவர் ‘ஓம் ஸ்வஸ்தியஸ்து’ என்று கும்பிடுகிறார். பாலிக்கு வரும் நம்மவர்கள் அங்கேயே உருகிவிடுகிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இந்தோனேசியாவில், நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இந்துக்களாக உள்ள தீவு அல்லவா! ஆனால் நாம் அங்கே செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த உருக்கத்திலிருந்துதான் வருகின்றன. தெரியாத ஊரென்றால் கேட்டுச் செய்வோம். தெரிந்த சாமி என்றால் கேட்க மாட்டோம்.

கோயிலுக்குள் நுழைந்ததும் நாம் தேடுவது மூலவரை. பாலிக் கோயிலில் கருவறை கிடையாது. திறந்த வெளி முற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். உள் முற்றத்தில் கறுப்பு நார்க் கூரை அடுக்கடுக்காக உயரும் மேரு கோபுரங்கள் நிற்கும். அடுக்குகள் ஒற்றைப்படையில் பதினொன்று வரை போகும். பக்கத்தில் உயரமான கல் ஆசனம் ஒன்று காலியாக இருக்கும். அதுதான் பத்மாசனம், உருவமில்லாத பரம்பொருளான சங் ஹ்யாங் விதிக்கான இடம். ‘இங்கே சாமியே இல்லை’ என்று அதன் மேடையில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. திருமேனிகளும் உண்டு. கோயில் விழாவான ஒடாலான் அன்று மட்டும் வெளியே எடுத்து அலங்கரிப்பார்கள். பல கோயில்களில் அந்த விழா 210 நாளுக்கு ஒருமுறை வரும்.

‘நாங்களும் இந்துக்கள்’ என்று சொல்லிவிட்டால் ஜீன்ஸோடு விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். இடுப்புக்குக் கீழே சாரோங், அதன் மேல் இடுப்பைச் சுற்றி செலெண்டாங் என்ற துணிப்பட்டை, இரண்டும் வேண்டும். கீழ்நோக்கி இழுக்கும் ஆசைகளை இடுப்போடு கட்டி நிறுத்திவிட்டு உள்ளே வருகிறோம் என்பது அந்தப் பட்டைக்கு அவர்கள் சொல்லும் காரணம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வர வேண்டாம் என்று வாசலிலேயே பலகை இருக்கும். சாவுத் தீட்டுக்கும் அதே கட்டுப்பாடு. இதெல்லாம் சரியா என்று வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை. ஒத்துவராவிட்டால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். உள் முற்றம் பொதுவாக வழிபட வருகிறவர்களுக்கு மட்டும்தான். உடை சரியாக இருந்து, கூட ஓர் உள்ளூர்க்காரரும் இருந்து, கும்பிடத்தான் வந்தோம் என்று சொன்னால் பல இடங்களில் விடுகிறார்கள்.

உள்ளே போனதும் சூடம் ஏற்றுவது, தேங்காய் உடைப்பது, நெடுஞ்சாண்கிடையாக விழுவது எதுவும் வேண்டாம். ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் முழங்காலிட்டும் தரையில் உட்கார்வார்கள். முதலில் வெறும் கையைக் கூப்பி நெற்றிக்கு மேலே உயர்த்த வேண்டும். பிறகு விரல் நுனிகளுக்கு இடையே பூவைப் பிடித்து மூன்று முறை, கடைசியில் மறுபடியும் வெறும் கை. ஆக ஐந்து. முதல் பூ சூரியனுக்கு. அப்புறம் பெமாங்கு எனப்படும் பூசாரி தீர்த்தம் தெளித்துவிட்டுக் கையில் ஊற்றுவார். மூன்று முறை குடித்து, மூன்று முறை முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஈர அரிசி தருவார்கள். அட்சதை என்று நினைத்துத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது புருவ நடுவில் ஒட்டிக்கொள்ள. சில மணிகள் விழுங்க. பூசாரியைவிட உயரமான இடத்தில் நிற்கக் கூடாது, கும்பிடுகிறவர் முன்னால் குறுக்கே போகவும் கூடாது.

தெருவில் செய்யும் தவறு இன்னும் சுவாரசியமானது. காலையில் நடக்கப் போனால் கடை வாசல், நடைபாதை, முச்சந்தி எங்கும் தரையில் பூவும் சோறும். நம்மில் பலருக்கு அடி வயிறு கலங்குகிறது. ‘யாரோ கழிப்புக் கழித்துப் போட்டிருக்கிறார்கள், தாண்டாதே’ என்று குழந்தையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்கள் உண்டு. அது சானாங் சாரி, தினப்படிப் படையல். ஒன்றை உட்கார்ந்து பாருங்கள். குருத்தோலையைத் தைத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. அடியில் மடித்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அதற்கு மேல் பூக்கள்: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. நடுவில் பொடியாக நறுக்கிய, தாழை இனத்தைச் சேர்ந்த பாண்டன் என்ற வாசனை இலை. சில நாள் ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய், ஒரு சிகரெட்கூட இருக்கும். வைக்கும் பெண் ஊதுவத்தியைச் செருகி, பூவால் தீர்த்தம் தெளித்து, வலது கையால் புகையை மெதுவாக விசிறிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். தேவர்களுக்கு மேலே, பூத கணங்களுக்குத் தரையில்.

வத்தி எரியும்போது மிதிக்கவோ தாண்டவோ கூடாது; சுற்றிப் போக வேண்டும். அணைந்த பிறகு தெரியாமல் கால் பட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதற்குள் நாயும் கோழியும் சோற்றைத் தின்றிருக்கும். ஆனால் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதும், பிள்ளைகள் மிட்டாயை எடுப்பதைப் பார்த்துச் சிரிப்பதும் நன்றாக இருக்காது.

தேதி பார்க்காமல் டிக்கெட் போடுவது பணத்துக்கே வேட்டு வைக்கும். சக ஆண்டுப் பிறப்பான ஞெபி, மார்ச் மாதத்தை ஒட்டி வரும் அமாவாசைக்கு மறுநாள். 2026இல் மார்ச் 19. அதே நாள்தான் யுகாதியும். அன்று நெருப்பு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் கிடையாது. காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை விமான நிலையமே மூடப்படும். 2018இலிருந்து மொபைல் இன்டர்நெட்டும் இல்லை. ஹோட்டலை விட்டு வெளியே வந்தால் பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் திருப்பி அனுப்புவார்கள். முந்தின நாள் மாலை ஒகோ-ஒகோ என்ற பூத உருவங்களைத் தூக்கி ஊர்வலம் விடுவார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த நாள் அடைந்து கிடக்கவும் தயாராகப் போக வேண்டும்.

‘தீபாவளி எப்படிக் கொண்டாடுவீர்கள்?’ என்று கேட்டு டிரைவரைத் திணறடிப்பதும் வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குப் பெரிய பண்டிகை கலுங்கான். 210 நாள் பஞ்சாங்கப்படி வரும். முன்னோர்கள் வீட்டுக்கு வந்து, பத்து நாள் கழித்துக் குனிங்கான் அன்று திரும்புவார்கள். நமக்கு உண்மையாகவே நெருக்கமானது தும்பெக் லண்டெப். இரும்புக்கான அந்த நாளில் குத்துவாளிலிருந்து பைக், கார் வரை எல்லாவற்றுக்கும் படையல் வைப்பார்கள். ஆயுத பூஜை பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

ஒற்றுமையை நம்பினால் வீட்டுக்குள்ளும் தடுமாறலாம். உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கினால், வடக்கே தலைவைக்கக் கூடாது என்று கட்டிலைத் திருப்பிப் போடாதீர்கள். அங்கே தலை, அவர்கள் புனிதமாகக் கருதும் ஆகுங் மலைப்பக்கம் அல்லது கிழக்கே இருக்க வேண்டும். தீவின் தென்பகுதியில் மலைப்பக்கம் என்றால் ஏறக்குறைய வடக்குதான். கால் மலையைப் பார்த்து நீளக் கூடாது. ஆசையாகக் குழந்தையின் தலையைத் தடவுவதும் வேண்டாம். பெயர்களை வைத்து ஜாதி விசாரிப்பது அதைவிட மோசம். வாயான், மாடே, ஞோமான், கெதுட் என்பவை பிறந்த வரிசைப் பெயர்கள். ஐந்தாவது பிள்ளைக்கு மறுபடியும் வாயான். ஆணென்றால் ‘பாக்’, பெண்ணென்றால் ‘இபு’ சேர்த்துக் கூப்பிட்டால் மரியாதை.

‘இதெல்லாம் இந்தியாவிலிருந்து போனதுதானே’ என்று அவர்களுக்கே பாடம் எடுப்பது என் கணக்கில் மிக மட்டமான தவறு. முன்னோர் வழிபாடும் மலை வழிபாடும் கலந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவர்கள் வளர்த்த சமயம் அது. தம்பாக்சிரிங் ஊரில் உள்ள தீர்த்த எம்புல் என்ற புனித ஊற்றுக் கோயில் 962ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அங்கே குளிக்கப் போனால் சோப்பு, ஷாம்பு வேண்டாம். நீர் கொட்டும் துவாரங்களில் இறந்தவர் சடங்குக்கென்று இரண்டு உண்டு, அவற்றின் அடியில் தலையைக் காட்டாமல் நகர்ந்துவிடுங்கள்.

சாப்பாட்டிலும் ‘இந்து ஊர், சைவம் கிடைக்கும்’ என்ற கணக்கு உதவாது. விழாச் சாப்பாடே முழுப் பன்றியைச் சுட்டது. ரத்தம் சேர்த்த லாவார் என்ற கறிக் கலவையும் உண்டு. கோயில் படையலில் கோழி, வாத்து இருக்கும். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் ஊர்க்காரர்கள் இதற்கு முகம் சுளிக்கத் தேவையில்லை. சைவக்காரர்களுக்கு டெம்பே என்ற புளித்த சோயா கட்டி, டோஃபு, கீரை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கூடவே வரும் சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியில் இறால் விழுது அரைத்திருப்பார்கள். ‘தன்பா தெராசி’ என்றால் அது இல்லாமல் தருவார்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் தட்டின் மேல் ஒரு முட்டை வரும். ‘தன்பா தெலூர்’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.