டிசம்பரில் ஊருக்குப் போகிறீர்களா? வானத்தோடு குளத்தையும் பாருங்கள்

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் இலங்கைக்கு டிக்கெட் போடுகிறோம். ஓகஸ்டில் போனால் நல்லூர்த் திருவிழாவும் வெயிலும். டிசம்பரில் போனால் மழை. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. புயல்களும் அந்தக் காலத்தில்தான் வரும்: 1964 டிசம்பரில் மன்னார்ப் பக்கம், 1978 நவம்பரில் மட்டக்களப்பு, 2020 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையோரம் புரெவி, 2025 நவம்பரில் நாட்டையே புரட்டிப்போட்ட டித்வா. அதற்காகப் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கைபேசியில் தெரியும் மேகப் படத்தை மட்டும் நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். டிசம்பரில் அது தினமும் மழை என்றுதான் காட்டும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட அறிவிப்பு தமிழிலும் வருகிறது. மாகாணம் மாகாணமாகச் சொல்வார்கள். அதில் தேட வேண்டியது மில்லிமீற்றர் கணக்கு. ‘சில இடங்களில் 100 மி.மீ.க்கும் அதிகமான பலத்த மழை’ என்றிருந்தால் அன்று தூரப் பயணம் வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே 1,200 மி.மீ. அளவில்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த 100 எவ்வளவு என்று விளங்கும்.

அதைவிட முக்கியம், நீங்கள் நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. கனகராயன் ஆற்றுப் பக்கம் கொட்டும் மழை கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் சேர்கிறது. குளம் நிரம்பி, மிகைநீரை வெளியேற்றும் வான்கதவு திறந்தால், மழையே இல்லாத நேரத்திலும் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறும். மூதூர், வெருகல் பக்கம் போகிறவர்கள் மலையகத்து மழையையும் கவனிக்க வேண்டும், மகாவலி அந்தத் தண்ணீரை அங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. ‘குளம் வான் பாயுதா?’ (நிரம்பி வழிகிறதா) என்று ஊரில் ஒருவரிடம் கேட்பது எந்தச் செயலியையும் விட உதவும். ஆற்று மட்டத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கை இருக்கிறது. வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களைத் தண்ணீர் மூடியிருந்தால், முன்னால் போகும் வாகனம் கடந்துவிட்டது என்பதற்காக நீங்களும் இறங்காதீர்கள். டித்வாவின்போது கலா ஓயா ஆற்று வெள்ளத்தில் சிக்கிய பேருந்துப் பயணிகளைக் கடற்படை வந்து மீட்க வேண்டியிருந்தது.

ஊருக்குப் போன கையோடு நுவரெலியாவையும் பார்த்துவிட நினைப்பவர்களுக்கு: மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்பது, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராவது, சிவப்பு என்றால் உடனே வெளியேறுவது. என்னைக் கேட்டால் மஞ்சளிலேயே மலைப் பயணத்தைத் தள்ளிப்போடலாம். விடுதி முன்பணம் போனால் போகட்டும்.

நெடுந்தீவு, நயினாதீவுப் படகுகள் கடல் கொந்தளித்தால் நிற்கும். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் தீவுக்குப் போகாதீர்கள். கொழும்புக்கும் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது நல்லது. ஏப்ரலில் போகிறவர்களுக்குப் பிற்பகல் இடிமின்னல் தான் பயம். முழக்கம் கேட்டால் வயல்வெளியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம்.

உள்ளூர் சிம் ஒன்று போட்டு, மூன்று எண்களைச் சேமித்துவையுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. தங்கியிருக்கும் பகுதியின் கிராம அலுவலர் எண்ணையும் உறவினரிடம் கேட்டு வாங்குங்கள். வெள்ளத்தில் எந்தப் பாடசாலையில் ஆட்களைத் தங்க வைக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். மின்சாரம் போனால் வங்கி அட்டை வேலை செய்யாது, ஆகவே கையில் கொஞ்சம் ரூபாய்த் தாள், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு கிழமைக்குக் கூடுதலான மருந்து, கடவுச்சீட்டைப் போட்டு வைக்க நீர் புகாத பை.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலுடன் இறங்கவும் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. டெங்கும் அதே பருவத்தில்தான் ஏறும். வெளிநாடு திரும்பி ஓரிரு கிழமைக்குள் காய்ச்சல் கண்டால், இலங்கை போனதையும் வெள்ளத்தில் நடந்ததையும் வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள், அங்கே அவருக்கு இந்த நோய்கள் உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.