பயிர் வைரஸ் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மாதிரி எடுப்பதிலிருந்து மரபணு வரிசை வரை

வெண்டையின் மஞ்சள் நரம்பு தேமல் வைரஸுக்குள் இருப்பது வளையமான ஒற்றை இழை டிஎன்ஏ. பப்பாளி வளையப்புள்ளி வைரஸில் இருப்பது பத்தாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் (மரபுப்பொருளின் அடிப்படை அலகுகள்) நீளமுள்ள ஒரே ஆர்என்ஏ இழை. வெள்ளரித் தேமல் வைரஸ் தன் மரபுப்பொருளை மூன்று ஆர்என்ஏ துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வாழை முடிக்கொத்து வைரஸ் ஆறு டிஎன்ஏ வளையங்களாக வைத்திருக்கிறது. சாமந்தியைக் குட்டையாக்கும் வைராய்டுக்கோ (உறையில்லாத வெறும் ஆர்என்ஏ நோய்க்கிருமி) புரதமே கிடையாது. இவ்வளவு வேறுபாடு இருந்தும், ஆய்வகத்துக்கு வரும் பல மாதிரிகளின் மேல் ‘வைரஸ் டெஸ்ட்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். எந்த வைரஸைத் தேடுகிறோம், அதன் மரபுப்பொருள் என்ன, அதன் புரதங்கள் என்ன வேலை செய்கின்றன என்று முதலில் கேட்டிருந்தால், கீழே வரும் தவறுகளில் பாதி நடந்திருக்காது.

மாதிரி எடுக்கும்போதே தொடங்கும் பிழைகள்

காய்ந்து பழுத்த அடியிலையைப் பறித்து அனுப்புவது முதல் தவறு. பெரும்பாலான வைரஸ்கள் பெருகுவது இளந்திசுக்களில். நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலை போதும். வாழை முடிக்கொத்து வைரஸ் புளோயத்தை (உணவு கடத்தும் திசுவை) விட்டு வெளியே அதிகம் வராது; ஆகவே இலைப்பரப்பின் ஓரத்தைக் கத்தரித்துப் பயனில்லை. கடைசியாக விரிந்த இலையின் நடுநரம்பையோ காம்பையோ எடுக்க வேண்டும். நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் போன்ற இலைப்பேன் பரப்பும் வைரஸ்கள் ஒரே செடியில்கூடச் சீராகப் பரவியிருப்பதில்லை. கருகிய புள்ளியின் நடுவை விட்டுவிட்டு, அதன் பச்சை விளிம்பை எடுங்கள்.

ஈர இலையை பிளாஸ்டிக் பையில் இறுக மூடி அனுப்பினால் வந்து சேர்வது அழுகல்தான். டிஎன்ஏ வைரஸ் என்றால் செய்தித்தாளுக்கு நடுவே வைத்தோ சிலிக்கா ஜெல்லில் போட்டோ உலர்த்தி அனுப்பலாம். ஆர்என்ஏ வைரஸைத் தேடினால் குளிர்ப்பெட்டியில் அனுப்பி, வந்ததும் மைனஸ் 80 டிகிரியில் வைப்பதுதான் பாதுகாப்பு.

வெண்டை, வாழை போன்றவற்றில் பசைச்சத்தும் பாலிஃபீனால்களும் மிகுதி. சாதாரண முறையில் எடுத்த டிஎன்ஏ பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) நொதியை முடக்கிவிடும். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் 2 சதவீத சிடிஏபி கரைசலில், பாலிஃபீனால்களைப் பிடிக்கும் பிவிபியை 2 சதவீதம் சேர்த்து, மெர்கேப்டோ எத்தனாலைப் பயன்படுத்தும் வேளையில் மட்டும் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்து வாரக்கணக்கில் வைத்தால் அதன் வீரியம் போய்விடும். ஒளி உறிஞ்சலை அளந்து பெறும் 260/230 விகிதம் மிகக் குறைவாக இருந்தால் பசை மிச்சமிருக்கிறது என்று பொருள். அப்போது ‘நெகட்டிவ்’ என்று எழுதுவதற்கு முன், அதே மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். நீர்த்த பிறகு ஜெல்லில் பட்டை (பெருகிய டிஎன்ஏவின் அடையாளம்) தெரிந்தால், குறை வைரஸில் இல்லை, பிரித்தெடுப்பில். தாவரத்தின் சொந்த மரபணு ஒன்றை, எடுத்துக்காட்டாக மைட்டோகாண்ட்ரியாவின் நாட்-5 மரபணுவை, உடன் ஓட்டாமல் வெளியிடும் நெகட்டிவ் அறிக்கையை நம்புவதற்கில்லை.

மரபுப்பொருள் எதுவென்று பாராமல் பிசிஆர்

பிசிஆர் டிஎன்ஏவை மட்டுமே பெருக்கும். அதை ஆர்என்ஏ வைரஸுக்கு நேரடியாகப் போடுவது மாணவர்களிடம் மட்டும் இருக்கும் தவறு என்று நினைக்க வேண்டாம். அதைவிட நுட்பமான தவறு அடுத்த படியில் நடக்கிறது: சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) தயாரிக்க எல்லாவற்றுக்கும் ஓலிகோ டிடி பிரைமரை, அதாவது அடினின் தொடரில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டை, போடுவது. பப்பாளி வளையப்புள்ளி வைரஸுக்கும் ஆர்க்கிட்டின் சிம்பிடியம் தேமல் வைரஸுக்கும் வாலில் அடினின் தொடர் உண்டு. அங்கே இது வேலை செய்யும். புகையிலைத் தேமல் வைரஸ், வெள்ளரித் தேமல் வைரஸ் இரண்டின் வாலும் டிஆர்என்ஏ போல மடிந்த அமைப்பு. அடினின் தொடர் இல்லை. இலைப்பேன் பரப்பும் வைரஸ்களிலும் இல்லை. ஓலிகோ டிடி ஒட்ட இடமில்லாததால் சிடிஎன்ஏ உருவாகாது, அல்லது தற்செயலாக ஏதோ கொஞ்சம் உருவாகும். இன்ன வைரஸ் என்று தெரியாத மாதிரிக்கு ரேண்டம் ஹெக்ஸாமர் (எங்கும் ஒட்டும் ஆறெழுத்து பிரைமர்), தெரிந்த வைரஸுக்கு அதற்கே உரிய எதிர்முனை பிரைமர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கிட் நாற்றங்கால்களில் இது நேரடி நஷ்டம். சிம்பிடியம் தேமல் வைரஸும் ஓடோன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸும் ஒரே செடியில் சேர்ந்தே இருப்பது வழக்கம். முன்னதற்கு அடினின் வால் உண்டு, பின்னது புகையிலைத் தேமல் வைரஸின் குடும்பம். ஓலிகோ டிடி சிடிஎன்ஏவில் ஒன்று மட்டும் தெரியும். மற்றது கத்தரிக்கோல் வழியாகச் செடிக்குச் செடி போய்க்கொண்டிருக்கும்.

வைராய்டு தேடுபவர்கள் லித்தியம் குளோரைடால் ஆர்என்ஏவை வீழ்படிவாக்கும்போதும் கவனம் வேண்டும். 2 மோலார் செறிவில் பெரிய ஒற்றை இழை ஆர்என்ஏ அடியில் படியும். சாமந்தி குட்டை வைராய்டு போன்ற 350 எழுத்துச் சொச்ச ஆர்என்ஏ மேலே உள்ள கரைசலிலேயே தங்கிவிடும். பலர் சாக்கடையில் கொட்டுவது அந்தக் கரைசலைத்தான்.

வாழையில் பொய் பாசிட்டிவ்

வாழைக் கீற்று வைரஸ் இரட்டை இழை டிஎன்ஏ வைரஸ். சுமார் 7,400 எழுத்துகள். நோய் பரவுவதற்கு மாவுப்பூச்சியும் நோயுள்ள கன்றும் உண்டு. ஆனால் இதற்கு இன்னொரு இருப்பிடமும் இருக்கிறது: முசா பால்பிசியானா என்ற காட்டு வாழையின் குரோமோசோமுக்குள்ளேயே இந்த வைரஸின் மரபுத் துண்டுகள் என்றோ நுழைந்து நிலைத்துவிட்டன. அந்த வழி வந்த ‘பி’ மரபுத்தொகுதி பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவள்ளி என்று நாம் அன்றாடம் சாப்பிடும் பல ரகங்களில் இருக்கிறது.

இதனால் நடப்பது என்ன? இலையிலிருந்து மொத்த டிஎன்ஏவை எடுத்து இந்த வைரஸுக்கான பிரைமரைப் போட்டால், துகள் ஒன்றுகூட இல்லாத ஆரோக்கியமான பூவனிலும் பட்டை வரும். அந்த முடிவை வைத்துத் தாய்மரத்தை அழித்தால் நல்ல மரம் போகும். ‘பூவனில் இது எப்போதும் வரும்’ என்று அலட்சியமாக விட்டால், உண்மையிலேயே வைரஸ் இருக்கும் மரம் திசு வளர்ப்புக்குப் போய் ஆயிரக்கணக்கான கன்றுகளாகப் பெருகும். இரண்டாவதுதான் இன்னும் மோசம்.

இதைப் பிரித்தறியும் வழி, துகளைப் பிடித்துவிட்டு அதற்குள் இருக்கும் டிஎன்ஏவை மட்டும் பெருக்குவது. குழாயின் உட்சுவரில் வைரஸ் எதிர்பொருளைப் பூச வேண்டும். இலைச்சாற்றைத் தெளியவைத்து ஊற்றி, 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, பலமுறை கழுவ வேண்டும். பிறகு டிஎன்ஏஸ் நொதியைச் சேர்த்து, ஒட்டிக்கொண்டிருக்கும் வாழையின் சொந்த டிஎன்ஏவைச் சிதைக்க வேண்டும். உறைப் புரதத்துக்குள் இருக்கும் வைரஸ் டிஎன்ஏவை அந்த நொதி தொட முடியாது. அதன்பின் 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் நொதி செயலிழக்கும், துகள் திறக்கும், பிசிஆர் போடலாம்.

இங்கேயும் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். அதே குழாயில் வாழையின் சொந்த டிஎன்ஏவைக் காட்டும் மைக்ரோசாட்டிலைட் பிரைமரையும் தனியே ஓட்ட வேண்டும். அதில் பட்டை வரக்கூடாது. வந்தால் கழுவுதலும் நொதியும் போதவில்லை, முடிவு செல்லாது. எதிர்பொருள் கிடைக்காத இடத்தில் வளையச் சுழல் பெருக்கம் நல்ல மாற்று. ஃபை-29 நொதி வளைய டிஎன்ஏவைத்தான் விரும்பிப் பெருக்கும். குரோமோசோமுக்குள் நேர்கோடாக உட்கார்ந்திருக்கும் துண்டு அதில் முன்னேறாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரோமோசோமில் இருக்கும் சில துண்டுகள் முழுமையானவை; திசு வளர்ப்பு, கலப்பினச் சேர்க்கை, கடும் தட்பவெப்ப அழுத்தம் ஆகியவற்றில் விழித்துக்கொண்டு துகளாக வெளிவரக்கூடியவை. ஆகவே தாய்மரத்தில் ஒருமுறை சுத்தம் என்று வந்த முடிவை, ஆய்வகத்தில் பெருக்கிய கன்றுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடினப்படுத்தும் கட்டத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

எலைசா சொல்வதும் சொல்லாததும்

எதிர்பொருளால் வைரஸைப் பிடிக்கும் எலைசா சோதனை பார்ப்பது பெரும்பாலும் உறைப் புரதத்தை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்களில் இந்தப் புரதம் பூச்சிக்குள் போய்வர வேண்டியிருப்பதால் அதிகம் மாறுவதில்லை. விளைவு, ஒரே எதிர்பொருள் பல இனங்களைப் பிடிக்கும். எலைசா பாசிட்டிவ் என்றால் ‘இந்தக் கூட்டத்தில் ஏதோ ஒன்று’ என்றுதான் பொருள். மரவள்ளியில் இந்திய மரவள்ளித் தேமல் வைரஸா, இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸா என்று அதை வைத்து எழுதக்கூடாது.

ஆரோக்கியமான கட்டுப்பாட்டு மாதிரி அதே பயிர், அதே ரகம், அதே வயதில் இருக்க வேண்டும். ஆரோக்கிய மாதிரிகளின் சராசரி வாசிப்பைப் போல இரண்டு முதல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கம். தக்காளி இலையை வைத்துப் போட்ட வரம்பை வாழைச்சாற்றுக்குப் பயன்படுத்தினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வைராய்டுக்கு எலைசா போடுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: பிடிக்கப் புரதமே இல்லை.

எதிர்பொருளைச் சொந்தமாகத் தயாரிப்பவர்களிடம் இரண்டு தவறுகள் அடிக்கடி வருகின்றன. பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் தன் புரதங்களை ஒரே நீண்ட சங்கிலியாகச் செய்து, பிறகு வெட்டிக்கொள்கிறது. உறைப் புரதத்துக்குத் தனியே தொடக்கக் கோடான் கிடையாது. குளூட்டமினுக்கும் செரினுக்கும் நடுவே வெட்டு விழும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. எனவே ஈ. கோலையில் உற்பத்தி செய்ய, பிரைமரிலேயே ஏடிஜி என்ற தொடக்கக் கோடானைச் சேர்க்க வேண்டும், அல்லது வெக்டரின் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏவின்) தொடக்கத்தோடு சட்டகம் சரியாகப் பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து நகர்ந்தாலும் வேறு புரதம். இரண்டாவது, பாக்டீரியாவில் கரையாமல் கட்டியாகிப்போன புரதத்தை 8 மோலார் யூரியாவில் கரைத்து முயலுக்குச் செலுத்துவது. கிடைக்கும் எதிர்பொருள் விரிந்த புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் அழகாகக் காட்டும்; மடிந்த முழுத் துகளை இரட்டை எதிர்பொருள் எலைசாவில் பிடிக்கத் தடுமாறும். வெப்பத்தை 18 முதல் 20 டிகிரிக்குக் குறைத்து, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியின் அளவையும் குறைத்து, கரையும் நிலையில் எடுக்க முதலில் முயலுங்கள்.

வரிசையைப் படிப்பதில்

வெள்ளை ஈ வைரஸில் 500 எழுத்து உறைப் புரதத் துண்டை மட்டும் படித்துவிட்டு ‘புதிய இனம்’ என்று அறிவிப்பது இன்னும் ஓயவில்லை. பெகோமோவைரஸ்கள் எனப்படும் இந்த வெள்ளை ஈ வைரஸ்களில் இனத்தைப் பிரிக்கும் அளவுகோல் முழு டிஎன்ஏ-ஏ என்ற முதன்மை வளையத்தின் 91 சதவீத ஒற்றுமை. ஒரே இனத்துக்குள் வகையைப் பிரிக்க 94 சதவீதம். இந்த வைரஸ்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்பவை. உறைப் புரதம் ஒரு வைரஸிடமிருந்தும் பெருக்கப் புரதம் இன்னொன்றிடமிருந்தும் வந்திருக்கலாம். அதோடு பிரைமர் வரிசையை வெட்டாமல் தரவுத்தளத்தில் பதிவது பெரிய குற்றம்; அந்த இருபது எழுத்துகள் வைரஸுடையவை அல்ல, கம்பெனியில் செய்தவை.

முதன்மை வளையத்தைக் கண்டதும் தேடலை நிறுத்துவதும் தவறு. வெண்டையின் மஞ்சள் நரம்பு தேமல் இதற்குச் சரியான பாடம். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் காட்டியபடி, அந்த வைரஸை மட்டும் செலுத்தினால் இலை லேசாகச் சுருள்கிறது, அவ்வளவுதான். சுமார் 1,350 எழுத்துள்ள பீட்டா சாட்டிலைட் (வைரஸை ஒட்டிவரும் துணை டிஎன்ஏ வளையம்) சேர்ந்தால்தான் நாம் வயலில் பார்க்கும் மஞ்சள் நரம்பு வருகிறது. அது தரும் பீட்டா சி-1 என்ற ஒரே புரதம் செடியின் ஆர்என்ஏ தற்காப்பை முடக்குகிறது. எதிர்ப்பு ரகத்தைச் சோதிக்கும்போது சாட்டிலைட் இல்லாமல் செலுத்திவிட்டு ‘தாங்குகிறது’ என்றால் அந்த முடிவு வயலில் நிற்காது.

ஆய்வகத்தில் சாறு தேய்த்துச் செடிக்குச் செடி நெடுங்காலம் மாற்றி வைத்த வைரஸையும் அப்படியே நம்ப வேண்டாம். பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் இருக்கும் குடும்பத்தில், உறைப் புரத முனையில் உள்ள டிஏஜி என்ற மூன்று அமினோ அமிலங்கள் ஹெச்சி-புரோ என்ற உதவிப் புரதத்தோடு பிணைந்தால்தான் அசுவினியின் ஊசிவாயில் வைரஸ் ஒட்டும். சாறு தேய்ப்பில் அசுவினி தேவையில்லாததால் இந்த அமிலங்கள் மாறிப்போனாலும் வைரஸ் பிழைத்துக்கொள்ளும். பிறகு அதே வைரஸை வைத்து அசுவினிப் பரவல் சோதனை செய்தால் ஒன்றும் பரவாது. உறைந்த மூல மாதிரியிலிருந்து அவ்வப்போது புதிதாகத் தொடங்குவதே வழி.

எதிர்ப்பு மரபணு எதைப் பார்க்கிறது?

ஹவாயில் 1998இல் பயிரிட வந்த ரெயின்போ பப்பாளியில் வைரஸின் உறைப் புரத மரபணு உண்டு. புரதம்தான் காக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காப்பது ஆர்என்ஏ, வரிசை ஒத்துப்போகும் வைரஸைச் செடி இனங்கண்டு துண்டாக்குகிறது. வரிசை தள்ளிப்போன வேற்று நாட்டு வகைகளிடம் அது தோற்பதற்குக் காரணம் இதுவே.

தக்காளியின் டிஎம்-2 ஸ்கொயர் மரபணு கவனிப்பது வேறொன்றை: செல்லிலிருந்து செல்லுக்கு வைரஸைக் கடத்தும் நகர்வுப் புரதத்தை. அதனால்தான் தக்காளி பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் அதைத் தாண்டிவிட்டது. அதன் நகர்வுப் புரதம் அந்த மரபணுவின் கண்ணுக்குப் படுவதில்லை. குடைமிளகாயின் எல் மரபணுக்கள் பார்ப்பது உறைப் புரதத்தை. அங்கே கதை வேறு. விதை பாக்கெட்டில் ‘டிஎம்வி எதிர்ப்பு’ (புகையிலைத் தேமல் வைரஸ் எதிர்ப்பு) என்று அச்சிட்டிருப்பதைப் பழுப்புச் சுருக்க வைரஸுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பசுமைக்குடிலில் தக்காளி போடுபவர்கள் விதைக் கம்பெனியிடம் அந்த வைரஸுக்கென்று தனியாகச் செய்த பரிசோதனை அறிக்கையைத் தொகுதி எண்ணோடு கேட்டு வாங்க வேண்டும்.