ஃபைப்ரோமயால்ஜியா வலியோடு நடைப்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பெங்கும் நீடிக்கும் வலியும் களைப்பும் தரும் நோய். அதன் சிகிச்சைகளில் வலுவான ஆதாரம் உள்ளது உடற்பயிற்சிக்குத்தான். ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2016 வழிகாட்டுதலில் ‘வலுவான பரிந்துரை’ என்ற தகுதி அதற்கு மட்டுமே கிடைத்தது. ஆனால் "தினமும் நடங்க" என்று சொல்பவர்கள் எவ்வளவு என்று சொல்வதில்லை. சிக்கலே அந்த அளவில்தான் இருக்கிறது.

முதலில் நோய் உறுதியாகியிருக்க வேண்டும். உடம்பை இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு என 5 பகுதியாகப் பிரித்தால் குறைந்தது 4-இல், 3 மாதமாவது வலி நீடித்திருக்க வேண்டும். அதோடு களைப்பு, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி ஆகியவற்றின் கடுமையும் கணக்கில் வரும். 18 இடங்களை அழுத்திப் பார்க்கும் பழைய முறை இப்போது கட்டாயமில்லை. தைராய்டு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி போன்ற ரத்தப் பரிசோதனைகள் வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்கே. எல்லாம் நார்மல் என்று வந்தால் வலி பொய் என்று ஆகிவிடாது. மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கைகால் பலவீனம் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

மூளையும் தண்டுவடமும் வலிச் சமிக்ஞையைப் பெருக்கிவிடுவதே இந்த நோயின் மையம் என்பது இன்றைய புரிதல். அதனால் நடந்தபின் வலி கூடினாலும், பெரும்பாலும் சதைக்கோ மூட்டுக்கோ சேதம் ஆகியிருக்காது.

இனி அளவு. 5 நாள், வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 12, 8, 10, 6, 14 என்றால் சராசரி 10. தொடக்க அளவு அதுவல்ல, இவற்றில் மிகக் குறைந்ததான 6 நிமிடம். "இவ்வளவுதானா?" என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. சமதளத்தில் நடங்கள். இறக்கத்திலும் படி இறங்கும்போதும் தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் மறுநாள் வலி அதிகம்.

முதல் 2 வாரம் 6 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு வாரத்துக்கு 1 நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: வேகம் அவ்வளவு போதும். 20 முதல் 30 நிமிடம், வாரம் 3 நாள் என்பது இலக்கு. அதை எட்டச் சில மாதம் ஆகலாம்.

பலரும் தவறுவது வலி குறைந்த நாளில்தான். விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுகிறார்கள். நல்ல நாளிலும் அதே அளவுதான். வலி ஏறிய நாளில் அளவைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். கூடுதல் வலி ஓரிரு நாளில் அடங்கினால் அதே அளவில் தொடரலாம், அடங்காவிட்டால் முந்தைய வார அளவுக்கு இறங்குங்கள்.

சின்ன வேலைக்கே பல நாள் எழ முடியாமல் சாய்ந்துவிடுகிறீர்கள் என்றால் இப்படிக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நாள்பட்ட களைப்பு நோயும் சேர்ந்திருக்கலாம். அதில் உழைப்பைக் கூட்டுவதே உடம்பைக் கெடுக்கும்.

நடக்குமுன் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை போடுவதில் பெரிய பயனில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்சடின், ப்ரீகாபலின் ஆகிய மருந்துகள் சிலருக்கு வலியைக் குறைக்கும். மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுங்கள். நடை பழகிவிட்டது என்று அவற்றைத் திடீரென நிறுத்தாதீர்கள், அவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.