டிசிஎஸ்ஸில் குரல் கட்டளை: மைக்கைத் திறந்தே வைத்துப் பறக்காதீர்கள்

போன மாதம் மட்டும் மூன்று பேருக்கு, டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர் விமான விளையாட்டில் குரல் கட்டளை அமைக்க உதவினேன். மூவரும் நன்றாகப் பறப்பவர்கள். ஒருவர் எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர் விமானத்தை இரவில் கப்பலில் இறக்குகிறவர். ஆனால் குரல் என்று வந்ததும், ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்புகளையே ஏறக்குறைய அதே வரிசையில் செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மைக்கைச் செருக மறப்பது, விண்டோஸில் வேறு மைக்கைத் தேர்ந்தெடுத்து வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பத்து நிமிஷத்தில் தானாகத் தெரிந்துவிடும். தெரியாமலே மாசக்கணக்கில் உயிரை வாங்கும் தப்புகள் வேறு.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: வாய்ஸ்அட்டாக் என்பது நீங்கள் சொல்லும் சொற்றொடரைக் கேட்டு, அதற்கென்று நீங்கள் குறித்துவைத்த விசையை அழுத்தும் விண்டோஸ் மென்பொருள். டிசிஎஸ்ஸில் விமானத்தளத்தோடும் மற்ற விமானங்களோடும் பேச ஒரு ரேடியோ மெனு உண்டு. வைகாம் புரோ வாய்ஸ்அட்டாக்குக்குள் உட்கார்ந்து, அந்த மெனுவோடு நேரடியாகப் பேசும் செருகுநிரல். முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, இப்போது இலவசம்.

மெனு தெரியாமல் குரலுக்கு வருவது

ரேடியோ மெனுவை எஃப்1 முதல் எஃப்12 வரை விரலால் தட்டிப் பழகாதவர்கள் குரலுக்கு அவசரப்படக் கூடாது. குரல் கட்டளையும் கடைசியில் அதே மெனுவில் அதே வேலையைத்தான் செய்கிறது. எந்த நேரத்தில் யாரிடம் என்ன கேட்கலாம் என்பது தெரியாவிட்டால், பதில் வராதபோது குறை மைக்கிலா, ரேடியோவிலா, கேள்வியிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மூவரில் ஒருவர் காக்கசஸ் வரைபடத்தில் பதூமி ஓடுதளத்தில் நின்றுகொண்டு, "பதூமி, ரிக்வெஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று பதினைந்து தடவை சொன்னார். பதினைந்து தடவையும் வாய்ஸ்அட்டாக் சரியாகவே கேட்டிருந்தது. அதன் பதிவுப் பட்டியலில் வரிவரியாக இருந்தது. ஆனால் விமானத்தில் பேட்டரியே போடவில்லை. போட்ட பிறகும் ரேடியோ 133-இல் நின்றது. அது பக்கத்து விமானத்தளமான கோபுலெட்டியின் அலைவரிசை, பதூமிக்கு 131 வேண்டும். அலைவரிசையை விளையாட்டே பார்த்துக்கொள்ளும் 'எளிய தொடர்பு' என்ற விருப்பத்தை அணைத்துவிட்டுப் பறப்பவர்களுக்கு இதெல்லாம் நிஜ ரேடியோ மாதிரிதான். அவர் அதற்குள் புது ஹெட்செட் வாங்கப் பணம் கட்டியிருந்தார்.

பட்டனை அழுத்தாமல் பேசுவது

இதை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

குரல் கட்டளைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே ஆசைதான். கை எதையும் தொடக் கூடாது, வாயைத் திறந்தால் விமானம் கேட்க வேண்டும். அதனால் மைக்கை எப்போதும் திறந்தே வைத்துவிடுகிறார்கள். பட்டனை அழுத்தியிருக்கும்போது மட்டும் கேட்கும்படி வாய்ஸ்அட்டாக்கில் அமைக்க வழி இருக்கிறது. "பட்டனை அழுத்தணும்னா அப்புறம் எதுக்குக் குரல்?" என்று மூவருமே கேட்டார்கள். நானும் அன்றைக்கு இதையேதான் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை இரவு நாலு பேர் சேர்ந்து பாரசீக வளைகுடா வரைபடத்தில் பறந்தோம். எனக்கு ஹார்னெட். வயிற்றுக்குக் கீழே ஒன்றும் இடது இறக்கையில் ஒன்றுமாக இரண்டு வெளி டாங்க், தலா 330 காலன். இறக்கைகளில் நாலு ஜிபியு-38 குண்டுகள். கப்பலில் இருந்து கிளம்பி, நடுவானில் எரிபொருள் தரும் டாங்கர் விமானத்தின் குழாய் முனைக் கூடையை இருட்டில் பிடிக்கவே எனக்கு இருபது நிமிஷம் ஆனது. டாங்கை நிரப்பிக்கொண்டு மூச்சு விட்டேன். கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கூடத்தில் என் மனைவி தன் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கவலைப்படாதே, அவரையே ஸ்டேஷன்ல டிராப் பண்ணச் சொல்றேன்" என்றாள்.

ஹெட்செட்டில் தடதடவென்று ஒரு சத்தம். விமானம் சட்டென்று இலேசாகி மேலே எழும்பியது. அடிபட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஆயுதப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இறக்கை நுனியில் இருந்த இரண்டு ஏவுகணைகளும் உடலோரம் இருந்தவையும் மட்டும் மிச்சம். டாங்கும் குண்டும் கடலுக்குள்.

தொங்கும் சுமையை ஒரேயடியாக உதறும் அவசரப் பட்டனை மவுஸால் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது என்று, "டிராப் ஆல்" என்ற கட்டளையை அதற்குக் கொடுத்து வைத்திருந்தேன். பதிவுப் பட்டியலில் அந்தச் சொல் பச்சையாக நின்றது, நம்பகம் 58 என்ற எண்ணோடு. கேட்டது அந்தக் கட்டளைதான் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறது என்பதற்கான எண் அது. என்னை நம்பி வந்த மற்ற மூவரும் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க ஒருவர் உட்கார்ந்து தயாரித்த பணி அது.

மனைவி மேல் தப்பில்லை. அந்த மென்பொருளும் தனக்குச் சொன்ன வேலையைத்தான் செய்தது. இந்த வகைப் பேச்சறிதல் நாம் பேசுவதைப் புரிந்துகொள்வதில்லை. அதன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, அவ்வளவுதான். காதில் விழுகிற சத்தம் பட்டியலில் எதற்கு மிக நெருக்கம் என்று மட்டும் பார்க்கும். இருமலுக்கும் நாற்காலி கிரீச்சிடுவதற்கும் குக்கர் விசிலுக்கும் அது ஒரு நெருக்கத்தைத் தேடும். நம் வீட்டுப் பேச்சிலோ டிராப், ஸ்டார்ட், ஆஃப், ரைட், டவுன் என்று ஆங்கிலச் சொல் கலக்காத வாக்கியம் அபூர்வம். தமிழில்தானே பேசுகிறோம், ஆங்கிலக் கட்டளை எப்படி விழும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில்தான் அது தாராளமாக விழும்.

நம்பக அளவின் கீழ்வரம்பை உயர்த்தினால் போதாதா என்று கேட்பார்கள். உயர்த்துங்கள், நான் 70-இல் வைத்திருக்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. ஏவுகணை துரத்தும்போது உங்கள் குரலே மாறிவிடும். வரம்பை மிகவும் ஏற்றினால் அந்த நேரத்தில் உங்களையே அது கேட்காது.

நிஜ விமானத்தைப் பாருங்கள். யூரோஃபைட்டர் டைஃபூனில் குரலால் இயக்கும் வசதி உண்டு. ஒவ்வொரு விமானியும் தன் குரலை அதற்கு முன்கூட்டியே பழக்கிக் கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் ஆயுதம் விடுவது, சக்கரம் இறக்குவது போன்ற வேலைகளைக் குரலிடம் விடவில்லை. சொன்ன கட்டளை விழுந்ததா என்று திரையிலோ காதிலோ உறுதிப்படுத்தியும் காட்டுகிறார்கள். அவ்வளவு செலவழித்துச் செய்தவர்களே இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்? த்ராட்டிலில், அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியில், கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பட்டனைக் குரலுக்கென்று ஒதுக்குங்கள். ஹார்னெட்டின் நிஜ த்ராட்டிலிலும் ரேடியோவுக்கான சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது, அதனால் பறக்கும் உணர்வு எதுவும் கெடாது. அழுத்துங்கள், அரை நொடி பொறுங்கள், பேசுங்கள், பேசி முடித்த பிறகு விடுங்கள். புதியவர்கள் கடைசி அசை வாயில் இருக்கும்போதே விரலை எடுத்துவிடுகிறார்கள். "ரிக்வெஸ்ட் லேண்டி" என்று மட்டும்தான் அதன் காதில் விழும்.

அதே பட்டன் டிசிஎஸ்ஸுக்குள் ரேடியோ மெனுவுக்கும் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசும்போதெல்லாம் மெனு திறந்து முகத்தை மறைக்கும். நண்பர்களோடு பேச எஸ்ஆர்எஸ் என்ற ரேடியோ மென்பொருளை வைத்திருந்தால் அதற்கு வேறு பட்டன். நீங்கள் கணினி விமானிக்குச் சொல்வதை நண்பர்கள் எல்லோரும் கேட்க வேண்டியதில்லை.

திரும்பப் பெற முடியாத எதையும் பட்டியலில் வைக்காதீர்கள். மூவரில் ஒருவர் "எஜெக்ட்" என்று ஒரு கட்டளை வைத்திருந்தார். டிசிஎஸ்ஸில் இருக்கையோடு வெளியேறக் கன்ட்ரோலையும் இ-யையும் சேர்த்து மூன்று முறை அழுத்த வேண்டும். கை தவறி நடந்துவிடக் கூடாது என்றுதான் மூன்று முறை. அவரோ ஒரே சொல்லில் மூன்று முறையும் அழுத்தும்படி எழுதி வைத்திருந்தார். அவர் கண் முன்னாலேயே அதை அழித்தோம்.

ஒற்றைச் சொல் கட்டளை

"ஃபிளாப்ஸ்", "கியர்", "லைட்" என்று ஒரு சொல்லில் வைக்காதீர்கள். சொல் சுருங்கச் சுருங்க இன்னொன்றோடு குழம்பும். "செட் ஃபிளாப்ஸ் ஹாஃப்" என்று மூன்று சொல்லாக்குங்கள். சொல்ல அரை நொடி கூடுதலாகும், தவறு பெருமளவு குறையும். "சாஃப்", "ஹாஃப்" போல எதுகையாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் பட்டியலில் இருந்தால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

மாறி மாறி வேலை செய்யும் விசை

டிசிஎஸ்ஸில் ஜி விசையைத் தட்டினால் சக்கரம் ஏறும், மறுபடி தட்டினால் இறங்கும். "கியர் அப்" என்ற கட்டளைக்கு அந்த விசையைக் கொடுத்தால், சக்கரம் ஏற்கெனவே மேலே இருக்கும்போது சொன்னால் இறங்கிவிடும். வாய்ஸ்அட்டாக்குக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. விசை அமைப்புப் பக்கத்தில் பெரும்பாலான சுவிட்சுகளுக்கு மேலே, கீழே என்று தனித்தனி வரிகள் இருக்கும். கொஞ்சம் சிரமப்பட்டுத் தேடி அவற்றைக் கொடுங்கள். அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய சுவிட்சுகளும் உண்டு. அவற்றுக்கு அழுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள்.

அவசர வேலைக்குக் குரல்

ஏவுகணையை ஏமாற்றத் தூவும் சாஃப், ஃபிளேர், பிறகு துப்பாக்கி எல்லாம் விரலுக்கு. நீங்கள் பேசி முடித்தீர்களா என்று அந்த மென்பொருள் ஒரு கணம் காத்திருந்துதான் முடிவு செய்யும். ஏவுகணை காத்திருக்காது.

அமெரிக்கக் குரலை வரவழைப்பது

சினிமா விமானி மாதிரிப் பேச முயல்கிறார்கள். ஒரு நாள் வரும், மறுநாள் வராது. உங்கள் சொந்தக் குரலில் பேசுங்கள். விண்டோஸின் பழைய பேச்சறிதலில் தமிழ் கிடையாது. ஆனால் இந்திய ஆங்கிலம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் குரல் பயிற்சியை ஒரு முறை போதாது, மூன்று முறை செய்யுங்கள். பறக்கும்போது போடும் அதே ஹெட்செட்டோடு, அதே மின்விசிறி அதே வேகத்தில் ஓட, அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். என் "ஃபிளைட்" அதற்குப் பல நாள் "பிளைட்" என்றுதான் கேட்டது. மூன்றாவது பயிற்சிக்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

செனாகி, வஸியானி போன்ற ஊர்ப் பெயர்கள் பிடிபடாவிட்டால் வாயை வளைக்க வேண்டாம். கட்டளைச் சொல்லை மாற்றி எழுதுங்கள். அரைப்புள்ளி போட்டு ஒரே கட்டளைக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு கொடுக்க வாய்ஸ்அட்டாக்கில் இடம் உண்டு.

அட்மின் அனுமதி

விளையாட்டு அட்மினாக ஓடினால் வாய்ஸ்அட்டாக்கும் அட்மினாக ஓட வேண்டும்.

ஒலிபெருக்கி

கூடாது. ஹெட்செட் மட்டும்.

அப்டேட் வந்த இரவு

செருகுநிரல் டிசிஎஸ்ஸின் கோப்புகளில் சில வரிகளைச் சேர்த்துத்தான் வேலை செய்கிறது, அப்டேட் அந்தக் கோப்புகளை மாற்றிவிடலாம். அன்றைக்குத் தனியாகப் பறந்து சரிபாருங்கள். நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வேண்டாம்.

அடுத்தவர் புரொஃபைலை அப்படியே இறக்குவது

முன்னூறு கட்டளை உள்ள புரொஃபைல் இலவசமாகக் கிடைக்கிறது என்று இறக்கிக்கொள்கிறார்கள். பட்டியல் நீள நீள ஒன்றை இன்னொன்றாகக் கேட்கும் வாய்ப்பும் கூடும். அதோடு, அவர் வைத்த சொற்கள் உங்கள் வாயில் தானாக வராது. போர் நடுவில் அடுத்தவர் சொல்லை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.

வாய்ஸ்அட்டாக்கின் சோதனைப் பதிப்பில் ஒரே புரொஃபைல், 20 கட்டளைகள்தான். பலர் அதைக் குறையாகப் பார்க்கிறார்கள். தொடங்குகிறவருக்கு அதுதான் சரியான அளவு. அந்த இருபதில் எவை வர வேண்டும் என்றால், கை நிறைய வேலையும் கண் வெளியிலும் இருக்கும்போது கேட்க வேண்டியவை: கண்காணிப்பு விமானத்திடம் எதிரி எங்கே என்று கேட்பது, டாங்கருக்கு வருகிறேன் என்று சொல்வது, இரண்டாம் விமானியைத் திரும்ப அழைப்பது, இறங்க அனுமதி கேட்பது. இந்த நாலும் ஒழுங்காக விழுந்தாலே காக்பிட் வேறு இடமாகிவிடும்.

பதூமியில் பதினைந்து தடவை கூப்பிட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தார். பட்டியலில் பதினெட்டுக் கட்டளை, கட்டைவிரலுக்கடியில் ஒரு பட்டன். கோபுலெட்டிக்கு மேலே தலையைப் பின்னால் திருப்பி எதையோ தேடிக்கொண்டே, "ஓவர்லார்ட், ரிக்வெஸ்ட் போகி டோப்" என்றார். ஓவர்லார்ட் கண்காணிப்பு விமானத்தின் அழைப்புப் பெயர், போகி டோப் என்றால் எதிரி எங்கே என்ற கேள்வி. ஒரு நொடி கழித்துத் திசையும் தூரமும் உயரமும் காதில் வந்தன. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்தத் திசைக்கு விமானத்தைச் சாய்த்துவிட்டார்.