சோலார் இன்வெர்ட்டர்: எந்த வகை உங்களுக்கு?

சோலார் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் சோலார் இன்வெர்ட்டர். முதல் கேள்வி: உங்கள் வீட்டில் கரண்ட் அடிக்கடி போகுமா? போகாது என்றால், மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் போதும்; பேட்டரிச் செலவு மிச்சம். ஆனால் மின்தடை வந்தால் நல்ல வெயிலிலும் அது நின்றுவிடும். உங்கள் பேனலின் கரண்ட் லைனுக்குப் போய், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காகத்தான். இது தெரியாமல் வாங்கிவிட்டு, மாடியில் பேனல் பளபளக்க, கீழே நான் கைவிசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். மின்கம்பியே வராத இடத்துக்கு பேட்டரியோடு ஆஃப்-கிரிட். மின்வாரிய லைன், பேட்டரி இரண்டும் வேண்டுமா, ஹைப்ரிட்; விலை கூடுதல்.

அப்புறம் நிழல். ஸ்ட்ரிங் வகையில் பேனல்களை வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துவிடலாம். அப்படிப்பட்ட மாடிக்கு, பேனலின் அடியிலேயே பொருத்தும் மைக்ரோ இன்வெர்ட்டர் நல்லது. பேட்டரி வகை என்றால் பியூர் சைன் வேவ்தானா, அதாவது மின்வாரியக் கரண்ட் போலவே சீரான அலையாகக் கரண்ட் தருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஃபேன் ராத்திரி முழுக்க உறுமும்.