சீனி இல்லாத டீ கரித்தது ஏன்?

கீழக்கரையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சீனி. அதை ஒரேயடியாக நிறுத்தினேன். கசக்கும் என்று எதிர்பார்த்தால், முதல் மடக்கே உப்புக் கரித்தது.

முதலில் டீத்தூளை மாற்றினேன். அப்புறம் பாலைக் கூட்டினேன். சாயல்குடிக் கருப்பட்டியைத் தட்டிக் கொதிக்கிற டீயில் போட்டதில் பால் திரிந்ததுதான் மிச்சம். அதோடு கருப்பட்டியிலும் இருப்பது சர்க்கரைதானே. இப்படியே பத்து நாள் போனது.

ஒரு காலையில் டீப் பாத்திரத்தைக் கழுவும்போது, அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாகப் பொரிந்திருந்த படிவு விரலில் உரசியது. குடிக்க மட்டும்தான் வீட்டில் குடத்து நல்ல தண்ணீர். டீக்கு எப்போதும் போர் தண்ணீர். இந்தக் கடற்கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். இத்தனை வருஷமும் அந்த உப்பைச் சீனி மறைத்திருக்கிறது!

அன்று மாலையே குடத்தில் இருந்த காவிரிக் குடிநீரில் டீ போட்டேன். கரிப்பு அடியோடு போய்விட்டது. தூளை ரொம்ப நேரம் கொதிக்கவிடாமல், இறக்கி 2 நிமிடம் மூடி வைத்தால் கசப்பும் அடங்குகிறது. மூன்று வாரமாகச் சீனி டப்பாவைத் திறக்கவில்லை. பெரிய நிம்மதி. இப்போது காபிக்கும் அதே குடத்துத் தண்ணீர்தான்.