எலிக்குள் ஒளிரும் சாயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்குத் தெரியும் ஒளி உடலுக்குள் வெகுதூரம் போகாது. ஒரு பங்கை ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும், மிஞ்சியது திசுவில் பட்டுச் சிதறும். 700 முதல் 900 நானோமீட்டர் வரை இந்த இரண்டு தொல்லையும் குறைவு. அதனால்தான் உயிருள்ள எலியைப் படமெடுக்க அண்மை அகச்சிவப்பில் ஒளிரும் சாயங்களைத் தேடுகிறோம். இவற்றில் மூத்தது இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐசிஜி. கோடாக் ஆய்வகத்தில் பிறந்து, 1950களிலேயே மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்ட சாயம். இவ்வளவு பழகியதிலேயே ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

குப்பியைத் திறந்ததுமே முதல் தவறு நடந்துவிடும்: பொடியை நேராக சலைனில் கரைப்பது. உப்புக் கரைசலில் ஐசிஜி திரண்டுவிடும், ஊசிக்கான சுத்த நீரில்தான் கரைக்க வேண்டும். கரைத்ததை ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடவும் வேண்டும். நேற்றுக் கரைத்தது ஃபிரிட்ஜில் பச்சையாகத்தானே இருக்கிறது என்று எடுத்துப் போடுபவர்கள் உண்டு. பச்சையாக இருப்பதை வைத்து அது நன்றாக ஒளிரும் என்று சொல்லிவிட முடியாது.

படம் மங்கலாக வந்தால் உடனே இன்னும் கொஞ்சம் சாயம் சேர்ப்பது அடுத்த தவறு. செறிவு கூடினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாங்கிய ஆற்றலை ஒளியாக விடாமல் வெப்பமாக்கிவிடும். ஓர் அளவைத் தாண்டினால் சாயம் ஏற ஏற வெளிச்சம் இறங்கும். சந்தேகம் வந்தால் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். பளிச்சென்று கூடினால் வியாதி அதுதான். குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் புரதமான ஆன்டிபாடியில் சாயம் ஏற்றும்போதும் இதே கதை. ஒன்றில் ஆறேழு மூலக்கூறுகளை ஏற்றினால் ஒன்றின் ஒளியை மற்றொன்று மங்கச் செய்துவிடும். ஆன்டிபாடியும் இலக்கை விட்டுக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். ஒன்று அல்லது இரண்டு போதும் என்பது என் கட்சி. சாயம் என்ஹெச்எஸ் எஸ்டர் வகை, அதாவது புரதத்தின் அமீன் குழுவைப் பிடித்து இணையும் வகை என்றால், டிரிஸ் பஃபரில் இருக்கும் ஆன்டிபாடியை அப்படியே சேர்க்காதீர்கள். டிரிஸிலும் அமீன் உண்டு, விலை கொடுத்து வாங்கிய சாயம் பஃபரோடு போய்விடும்.

மிக மோசமான தவறு க்யூவெட்டை, அதாவது கரைசலை ஊற்றி ஒளியை அளக்கும் சிறு குப்பியை, நம்புவது. ஐசிஜியின் உறிஞ்சல் உச்சம் தண்ணீரில் சுமார் 780 நானோமீட்டர். ரத்தத்தில் புரதங்களோடு, குறிப்பாக ஆல்புமினோடு, ஒட்டியதும் அது 805 பக்கம் நகரும், ஒளிர்வும் கூடும். அதனால் தண்ணீரில் வரைந்த அளவுக்கோட்டை வைத்து ரத்தத்தில் எவ்வளவு சாயம் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் விடை தப்பு. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. "என் சாயம் நீரில் மங்கல், நோய்ப் புரதத்தைச் சேர்த்தால் பிரகாசம்" என்று வரைபடம் காட்டுவார்கள். அந்தப் புரதத்துக்குப் பதில் ஆல்புமினைப் போட்டுப் பார்த்தீர்களா? கொழுப்புத் தன்மையுள்ள எந்தப் பொந்து கிடைத்தாலும் இத்தகைய சாயங்கள் பல உள்ளே போய் ஒளிர ஆரம்பித்துவிடும். சீரத்தில் (ரத்தத்தின் புரதங்கள் நிறைந்த தெளிந்த நீரில்) சோதிக்காத சாயத்தை எலிக்குள் செலுத்துவது எலிக்கும் வீண், நமக்கும் வீண்.

எலி என்றதும் தீனி. சாதாரணத் தீனி உருண்டைகளில் குதிரைமசால் இருக்கும், அதிலுள்ள பச்சையம் 700 நானோமீட்டரை ஒட்டி நன்றாகவே ஒளிரும். ஊசியே போடாத எலியின் வயிறு திரையில் எரிவதைப் பார்த்தால்தான் பலருக்கு இது உறைக்கிறது. சில நாட்கள் முன்பே குதிரைமசால் இல்லாத தீனிக்கு மாற்றிவிடுங்கள். 800 பக்கம் ஒளிரும் சாயம் என்றால் இந்தத் தலைவலி குறைவு. கறுப்பு எலியின் ரோமத்தை மழிக்கவும் மறக்காதீர்கள், மெலனின் ஒளியைத் தின்றுவிடும்.

ஃபில்டர் விஷயம் சுருக்கமாக: சயனின் சாயங்களில் உறிஞ்சும் அலைநீளத்துக்கும் உமிழும் அலைநீளத்துக்கும் இடைவெளி பெரும்பாலும் முப்பது நானோமீட்டருக்குள். ஃபில்டர் சரியில்லை என்றால் கேமராவில் விழுவது சாயத்தைத் தூண்டப் பாய்ச்சிய லேசரின் கசிவுதான். சாயம் இல்லாத வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

சரி, சாயம் தேடிப் போன புற்றுக்கட்டி ஒளிர்கிறது. ஆனால் கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுகக்கூடியவை, எதையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். எதனோடும் இணைக்காத வெறும் சாயம், இலக்கில்லாத ஆன்டிபாடியோடு இணைத்த சாயம், இலக்கை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் செலுத்திய சாயம்: ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த மூன்று கன்ட்ரோலும் இல்லாமல் "இலக்கைக் கண்டது" என்று எழுதக் கூடாது. கல்லீரலும் குடலும் ஒளிர்ந்தால் அதைக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடவும் வேண்டாம். ஐசிஜி பித்தத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது.

கடைசியாக எண்கள். மேலிருந்து எடுத்த படத்தில் தோலுக்கடியில் இருக்கும் சிறு கட்டி, ஆழத்தில் இருக்கும் பெரிய கட்டியைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஒப்பிட வேண்டுமென்றால் உறுப்புகளை வெளியே எடுத்து, ஒரே எக்ஸ்போஷரில் தனியாகப் படமெடுங்கள். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தானே நிற அளவை மாற்றிக்கொள்ளும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் வெறும் எலிகூடச் சிவப்பாக எரியும்.